இந்திராணி வீட்டுக் கம்ப்யூட்டர் தூங்காத கதை

கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் மிகக் குறைவு. ஷட்டவுன் கொடுத்தால் ஆஃப் ஆக மாட்டேன் என்கிறது, ஆஃப் ஆனது தானாக ஆன் ஆகிறது, தூங்கப் போனது எழுந்திருக்கவில்லை என்று வந்தவர்கள்தான் அதிகம். மனுசனுக்கு வருகிற அதே தொல்லைதான். எனக்கே இப்போது ரிட்டையர் ஆன பிறகு பகலில் தூக்கம் வருகிறது, ராத்திரியில் வருவதில்லை. என்னை எந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று என் மனைவி கேட்கிறாள்.

நான் வேலை பார்த்த கடையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மரியாதைக்கு என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் ஒருவன் கேட்டிருந்தான்: "அண்ணே, கஸ்டமர் ஒருத்தர் வூட்டு செட்டு ஷட்டவுன் பண்ணாலும் திரும்ப ஆன் ஆவுதாம். ரிமோட்ல பாத்துட்டேன், ஒன்னும் தெரியல." நான், "வூட்டுக்குப் போனியா?" என்று கேட்டேன். "எதுக்குண்ணே வூட்டுக்கு?" என்று பதில் வந்தது.

நான் அவனைக் குறை சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சேத்தியாத்தோப்புக் கம்ப்யூட்டரையும் ஸ்ரீமுஷ்ணம் கம்ப்யூட்டரையும் பார்க்க முடிகிறதென்றால் நல்லதுதான். கம்ப்யூட்டர்ப் பெட்டியான கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போன முழங்கால்கள் என்னுடையவை, அவை எனக்கு முன்னாலேயே ரிட்டையர் ஆகிவிட்டன. ஆனால் அவன் கேட்ட "எதுக்கு"வுக்குப் பதில் கட்டைவிரலால் அடிக்க முடியாத அளவுக்கு நீளம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் முடித்து, எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட்டில் கொஞ்ச காலம் இருந்தேன். பிறகு டேப் ரெக்கார்டர் ரிப்பேர், பிறகு டி.வி. ரிப்பேர். கம்ப்யூட்டர் ஊருக்குள் வந்ததும் கடலூர் போய் ஆறு மாசம் மாலை வகுப்பு படித்து, எங்கள் ஊர்க் கடைவீதியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும்.

கடையில் சர்வீஸுக்குத் தலைவர் ஆரோக்கியசாமி சார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. டீ வந்தால் ஆறட்டும் என்று தள்ளி வைப்பார், ஆறியதும் ஒரே மூச்சில் குடித்துவிடுவார். செட்டு எதையும் அவர் உடனே திறக்க மாட்டார், எங்களையும் திறக்க விடமாட்டார். மேஜைமேல் ஒரு நீள நோட்டு இருக்கும். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'சொன்னது', வலது பக்கம் 'பார்த்தது' என்று எழுதியிருப்பார். கஸ்டமர் சொன்னதை அவர் வாயில் வந்த மாதிரியே எழுதவேண்டும். நம் அறிவைக் கலக்கக்கூடாது. "பவர் சப்ளை பழுது" என்று ஒருமுறை 'சொன்னது' பக்கத்தில் எழுதிவிட்டேன்.

"அந்தம்மா இப்படியா சொன்னாங்க?" என்றார்.

"இல்ல சார், குக்கர் விசில் அடிக்கிற மாதிரி அடிச்சிட்டு ஆஃப் ஆவுதுன்னாங்க."

"அப்ப குக்கருன்னே எழுதுங்க பழனி."

பழனிவேல் என்பது என் பெயர். எல்லோருக்கும் பழனி.

இந்த நோட்டு எனக்கு எரிச்சலாக இருக்கும். வெளியே நாலு பேர் கேபினெட்டை வைத்துக்கொண்டு நிற்கும்போது கதை எழுதிக்கொண்டிருக்க யாரால் முடியும்? ஆனால் அது பலமுறை எங்களைக் காப்பாற்றியது. எஸ்டேட்டில் ஒரு பீங்கான் யூனிட் ஆபீஸிலிருந்து ஒரு செட்டு வந்தது. ஆன் பண்ணினால் சரியாக நாலு எண்ணுவதற்குள் ஆஃப் ஆகிவிடும். மதர்போர்டு போய்விட்டது என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன். சார் நோட்டைப் பார்த்தார். அந்த ஆபீஸ்காரர், "பட்டன அமுக்குனா உள்ளயே போய் உக்காந்துக்குது" என்று சொன்னதும் அதில் இருந்தது. பவர் பட்டனைக் கழற்றினால் உள்ளே களிமண் தூசி மாவு மாதிரி அடைந்திருக்கிறது. பட்டன் மேலே வராமல் அழுந்தியே நின்றால், யாரோ விடாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துச் செட்டு தன்னை அணைத்துக்கொள்கிறது. ஒரு துணி, ஒரு பிரஷ், வேலை முடிந்தது. எங்கள் ஊரில் மூக்குக்குள் போகிற தூசி பட்டனுக்குள் போகாதா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இன்னொருவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர், ஷட்டவுன் கொடுத்த கையோடு சுவர் சுவிட்சையும் தட்டிவிடுவார். மறுநாள் ஆன் பண்ணும்போது அது நேற்றைக்கு ஒழுங்காக அணைக்கவில்லை என்று திட்டும். "ஃபேன ஆஃப் பண்ணா ரெக்க நிக்கிற வரைக்கும் நாம நின்னு பாக்குறமா?" என்று என்னையே மடக்கினார். 

இந்திராணி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்திராணிக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். அவர் கணவர் டிராக்டர் ஓட்டுபவர். இந்திராணி டைப்பிங்கில் ஹையர் பரீட்சை முடித்தவர், வீட்டிலேயே மனு, விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரலாம் என்று கம்ப்யூட்டர் வாங்கினார். அந்தக் காலத்தில் கம்பெனி செட்டு வாங்குகிறவர்கள் குறைவு. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிக் கோத்துத் தரும் அசெம்பிள் செட்டுதான். கடையில் வைத்துக் கோத்தால் நல்ல பாகத்தை எடுத்துவிட்டுப் பழையதை வைத்துவிடுவோம் என்று ஜனங்களுக்கு ஒரு பயம் இருந்தது. அதனால் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வீட்டுக்கே கொண்டுபோய், நல்ல நேரம் பார்த்து, அவர்கள் கண் முன்னால் பிரித்துக் கோக்க வேண்டும்.

இந்திராணி வீட்டில் நான்தான் கோத்தேன். கேபினெட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். தெருவே வந்து நின்றது. அத்தனை பேர் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. பெட்டியில் வந்த ஒரு திருகாணியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இன்டர்நெட்டுக்கு டெலிபோன் லைனைச் செருகும் மோடம் என்ற அட்டையோடு இரண்டு கம்பி உள்ள ஒரு சின்ன வயர் வந்திருந்தது. பெரும்பாலும் அதை மாட்டாமல் விட்டுவிடுவோம். அன்று அதையும் மதர்போர்டில் இடம் தேடி மாட்டினேன். செட்டின் அடிப்படை செட்டிங் வரும் நீலத் திரையில் 'மின்சாரச் சேமிப்பு' என்ற தலைப்பின் கீழ் இருந்த எல்லா வரியையும் 'உண்டு' என்று மாற்றினேன். அந்தம்மா முழு விலை கொடுத்திருக்கிறார், ஒரு வசதியும் விட்டுப்போகக் கூடாது என்று என் எண்ணம்.

கிளம்பும்போது இரண்டு பாடம் சொன்னேன். ஒன்று, எழுந்துபோகும்போது கீபோர்டில் பிறை நிலா படம் போட்ட பட்டனைத் தட்டினால் அப்படியே தூங்கும், திரும்பி வந்து தட்டினால் விட்ட இடத்தில் எழுந்திருக்கும். இரண்டு, உள்ளே ஃபேன் ஓடித் திரை மட்டும் கருப்பாக நின்றுவிட்டால் பவர் பட்டனை நாலு எண்ணும்வரை அமுக்கிப் பிடித்து அணைத்துவிடலாம். இந்தப் பாடங்களை இப்போது எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது.

ஒரு வருடம் எந்தத் தொல்லையும் இல்லை. மோடத்துக்கு டெலிபோன் லைனே அப்போது கிடையாது. பிறகு அந்த வீட்டுக்குப் போன் வந்தது. அதே சமயம்தான் அந்தத் தெருவுக்கு வேறொரு செய்தியும் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவர்கள் தெருவை எடுக்கப்போகிறார்கள், எல்லோருக்கும் வேறு இடத்தில் மனை தரப்போகிறார்கள். தெருவில் எந்த வீட்டில் எத்தனை குடும்பம், யார் தலைவர் என்று ஊர்க்காரர்கள் ஒரு பட்டியல் தயாரித்து விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் தனி வரி இருந்தால் தனி மனை கேட்கலாம். இல்லாவிட்டால் இல்லை. பட்டியலை அடிக்கும் வேலை இந்திராணியிடம் வந்தது.

முதல் முறை அவர் கணவரின் மொபெட்டில் கேபினெட்டைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, பக்கத்து வூட்டுக்குப் போயிட்டு வந்து பாத்தா, தூங்க வெச்சது முழிச்சிக்கிட்டு ஓடுது. தெர கருப்பா நிக்குது. நீங்க சொன்ன மாதிரி அமுக்கிப் பிடிச்சி அணைச்சா, அடிச்சதெல்லாம் போயிடுது. சில நாளு ஆஃப் பண்ணிட்டுப் போனதே ஆன் ஆயி நிக்குது."

நான் நோட்டில் எழுதியது: 'தானாக ஆன் ஆகிறது.' கூட்டமான நாள்.

மூன்று நாள் கடையில் ஓடவிட்டேன். தூங்கு என்றால் தூங்கியது, எழு என்றால் எழுந்தது. இருந்தாலும் சும்மா அனுப்பக்கூடாதே என்று பவர் சப்ளையை மாற்றினேன். இரண்டாம் முறை வந்தபோது மெமரி அட்டையின் தங்கப் பல்லை ரப்பரால் தேய்த்து மாட்டி, விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். கடையில் மறுபடியும் தங்கக் கம்பி. வீட்டுக்குப் போனதும் மறுபடியும் அதே கதை.

மூன்றாம் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இந்திராணி கேபினெட்டை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழம அதிகாரி வர்றாரு. பாதிப் பட்டியல் போயிடுச்சி. இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே. இது கம்ப்யூட்டர் வேல இல்ல. எங்க வூட்டுலயே ஒருத்தி செய்யிற வேல."

அந்த ஒருத்தி அஞ்சலை. இந்திராணி கணவரின் தம்பி மனைவி. தம்பி திருப்பூர் போகிறேன் என்று போனவர், வருடக்கணக்கில் தகவல் இல்லை. அஞ்சலை அதே வீட்டின் பின்கட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டு, எஸ்டேட்டில் பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போய் வந்தார். பட்டியலில் தன்னைத் தனி வரியில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரே வீடு, ஒரே வரிதான் என்று தெருப் பெரியவர்கள் சொல்ல, போடுவதா வேண்டாமா என்று இந்திராணி யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பார்த்து அவர் எழுந்து போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஆன் ஆகி நின்றது.

"பொழுதன்னைக்கும் என் பட்டியல நோண்டுறா. போன வாரம் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். இல்லன்னு சத்தியம் பண்றா. இனிமே அவளுக்குத் தனி வரி கெடையாது. முடிச்சிட்டேன்."

அவர் போனபிறகு ஆரோக்கியசாமி சார் நோட்டைப் புரட்டி என் வரியைக் கண்டுபிடித்தார். 'தானாக ஆன் ஆகிறது.'

"இதான் அவங்க சொன்னதா?"

 முதல் நாள் கேட்டதை ஞாபகப்படுத்திச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் ஓடுகிறது.

"பக்கத்து வூட்டுக்கு எதுக்குப் போறாங்க?"

"தெரியல சார்."

"இங்க மூனு தடவ வந்துது, மூனு தடவயும் பெட்டி மட்டுந்தான் வந்துது. வூடு வரலயே." கடை வாசலில் 'சர்வீஸுக்கு கேபினெட் மட்டும் கொண்டு வரவும்' என்று ஒரு போர்டு இருந்தது. ஜனங்கள் மானிட்டரையும் கட்டித் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்து நான்தான் எழுதி மாட்டியிருந்தேன். சார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. எல்லாத்தயும் எப்படி இருந்துதோ அப்படியே மாட்டுங்க. அப்புறம் உக்காந்து பாருங்க. கைய வெக்காதீங்க. ஸ்க்ரூ டிரைவர இங்கயே வெச்சிட்டுப் போங்க."

ஸ்க்ரூ டிரைவர் இல்லாத மெக்கானிக் கத்தரிக்கோல் இல்லாத பார்பர் மாதிரி. அவமானமாக இருந்தது. ஆனாலும் வைத்துவிட்டுத்தான் போனேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு இந்திராணி வீட்டில் இருந்தேன். கீபோர்டு, மவுஸ், மானிட்டர், டெலிபோன் லைன் எல்லாம் மாட்டிவிட்டு மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்திராணி பட்டியலை அடித்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அன்று வேலைக்குப் போகவில்லை. பின்கட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அறைப் பக்கமே வரவில்லை. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு வாரம் ஆகியிருந்தது.

பதினொன்று இருக்கும். போன் அடித்தது. இந்திராணி வலது கையால் ரிசீவரை எடுத்துக்கொண்டே இடது கையால் பிறை நிலா பட்டனைத் தட்டினார். திரை அணைந்தது, ஃபேன் நின்றது. "யாரு, செல்வத்துக்கா? இருங்க கூப்புடறேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடினார். செல்வம் வந்து பேசிவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தத் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் மாப்பிள்ளைகளும் இந்த எண்ணைத்தான் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்கு எதற்குப் போகிறார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

செல்வத்தை வழியனுப்ப இந்திராணி வாசலுக்குப் போனார். ரிசீவரை வைத்த சூட்டில் திரும்பவும் போன் அடித்தது. அவர் ஓடி வருவதற்குள் இரண்டு மணி அடித்துவிட்டது.  அந்த இரண்டாவது மணியில், அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருவதற்கு முன்பே, என் எதிரில் கேபினெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பச்சை விளக்கு எரிந்தது. திரை கருப்பாகவே இருந்தது. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. என் கை இரண்டும் மடியில் இருந்தன.

இந்திராணி ஓடி வந்து போனை எடுத்துப் பேசி வைத்துவிட்டு, கேபினெட்டைப் பார்க்காமலே அடுத்த தெருவில் யாருக்கோ சேதி சொல்ல ஓடினார். திரும்பி வந்தார். பார்த்தார். பின்கட்டைப் பார்த்து அவர் முகம் இறுகியது. பழக்கத்தில் கை பவர் பட்டனுக்குப் போனது.

"இரும்மா!" என்று கத்திவிட்டேன். கையை வைக்காதே என்று சார் சொன்னதையும் மறந்து மவுஸை லேசாக நகர்த்தினேன்.

திரை வெளிச்சமானது. பட்டியல் அப்படியே இருந்தது. பாதி அடித்த ஒரு பெயரின் முனையில் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அது செத்து நிற்கவே இல்லை. மனுசன் தட்டி எழுப்பாமல் வேறு எதனாலோ எழுந்ததால், யாராவது வருகிற வரைக்கும் திரைக்கு எதற்கு வெளிச்சம் என்று காத்துக்கொண்டிருந்தது. மவுஸைத் தொட்டிருந்தால் போதும். அமுக்கிப் பிடித்து அணைக்கச் சொல்லிக்கொடுத்தது நான். ஒவ்வொரு முறையும் பட்டியலை அழித்தது என் பாடம்.

எழுப்பியது எது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர், "தூங்க வெச்சிட்டு ரிசீவர வைங்க. நான் அடிக்கிறேன். எடுக்காதீங்க" என்றார். தூங்க வைத்தோம். போன் அடித்தது. இரண்டாவது மணியில் டிக். ஃபேன் ஓடியது. இந்திராணி வாயில் கையை வைத்துக்கொண்டார்.

அந்த இரண்டு கம்பி வயரின் வேலையே அதுதான். போன் மணி அடித்தால் கம்ப்யூட்டரை எழுப்பு. வெளியூரிலிருந்து போன் வழியாகத் தங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரை எழுப்ப நினைக்கிறவர்களுக்காக யாரோ செய்தது. ஒரு தெருவுக்கே போன் எடுத்துக் கொடுக்கிற வீட்டில் நான் அதை மாட்டியிருக்கிறேன். கடையில் அதற்குப் போன் லைன் கொடுக்கவே இல்லை. எப்படி எழும்?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். "மோடம் போயிடுச்சும்மா" என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிட்டால் கதை முடிந்தது. எங்கள் தொழிலில் அப்படி முடிந்த கதைகள் நிறைய உண்டு. என் நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது. அப்போது பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அஞ்சலை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. மோடம் போய்விட்டது என்றால் மோடம் மேல் பழி போகும், ஆனால் அஞ்சலை மேல் விழுந்த பழி முழுதாகப் போகாது. அணைத்த கம்ப்யூட்டரை யார் ஆன் செய்தார்கள் என்ற சந்தேகம் மூலையில் நின்றுகொண்டே இருக்கும்.

"இந்திராணி, இது யாரும் நோண்டுனது இல்ல. மெஷினும் கெட்டுப்போவல. அன்னைக்கு நான் மாட்டக்கூடாத ஒரு வயர மாட்டிட்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் அது எழுப்பி விட்டிருக்குது. நான் சொல்லிக் குடுத்ததும் தப்பு. அமுக்கிப் பிடிச்சதாலதான் அடிச்சது போயிருக்குது."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.  மெதுவாக, "இத எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே. அவகிட்ட சொல்லுங்க" என்றார்.

பின்கட்டு வாசலுக்குப் போய் நின்று, அஞ்சலையிடம் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னேன். என் வயதுக்கு அது சுலபமாக இல்லை. அஞ்சலை கையில் பாதி கழுவிய சட்டியோடு கேட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. கடைசியில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அத இப்ப கழட்டிடலாம் இல்லண்ணே?"

"கழட்டிடலாம்மா. ஆனா எங்கிட்ட ஸ்க்ரூ டிரைவர் இல்ல."

அஞ்சலை சிரித்துவிட்டார். தன் அடுப்பங்கரையிலிருந்து மொட்டை முனைக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அப்போதுதான். அந்தக் கத்தியால் கேபினெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கினேன். நீலத் திரையில் போய், நான் பெருமையாக 'உண்டு' போட்ட வரியை 'இல்லை' என்று மாற்றினேன். தூங்க வைத்தோம். சாருக்குச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

போன் அடித்தது. மூன்று பேரும் கேபினெட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாலு மணி, ஐந்து, ஆறு. அது அசையவில்லை. ஏழாவது மணியில் அஞ்சலை, "அக்கா, யாராச்சும் எடுங்க, பாவம் அவரு" என்றதும்தான் எடுத்தோம். அந்தப் பக்கம் சார், "தூங்குதா?" என்றார். "தூங்குது சார்" என்றேன். அவர் டீ குடிக்கும் சத்தம் கேட்டது.

இந்திராணி கம்ப்யூட்டரை எழுப்பிப் பட்டியலைத் திறந்தார். தன் வீட்டு எண் இருந்த வரிக்குக் கீழே ஒரு புது வரி சேர்த்தார்.

"அஞ்சல, இங்க வா. குடும்பத் தலைவருன்னு இருக்குது. என் கொழுந்தன் பேரப் போடட்டா?"

அஞ்சலை திரைக்கு அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"அவரு எங்க இருக்காருன்னே தெரியலக்கா. அடுப்பு மூட்டுறது நான். என் பேரப் போடு."

இந்திராணி அடித்தார். பக்கத்தில் 'தனிச் சமையல்' என்றும் சேர்த்தார். "பெரியவங்க ஏதாவது கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். சேமித்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறையும் சேமித்தார்.

வியாழக்கிழமை முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம். பட்டியலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் நான் கடையில் ஒரு வேலையை முடிக்க வேண்டியிருந்தது. நோட்டின் இடது பக்கம், என் ஒற்றை வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இந்திராணி முதல் நாள் சொன்னதை முழுக்க எழுதினேன். வலது பக்கம் 'போன் மணியால் விழிப்பு' என்று எழுதி நிறுத்தினேன். ஆரோக்கியசாமி சார் தலையை அசைக்கவில்லை. "காரணம்?" என்றார். 'அசெம்பிள் செய்தவர்: பழனிவேல்' என்று எழுதினேன். சார் படித்துவிட்டு, என் பக்கம் டீயைத் தள்ளினார். அவருக்காக வந்து, அவர் ஆறட்டும் என்று வைத்திருந்த டீ. அவர் யாருக்கும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. பச்சைத் தண்ணீராக ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

வாசல் போர்டைக் கழற்றிவிட்டோம். அன்றிலிருந்து தூக்கம், ஷட்டவுன் என்று எது வந்தாலும் நாங்கள் வீட்டுக்குத்தான் போனோம். அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்த செட்டு, ஃப்ரிட்ஜோடு ஒரே பிளக்கில் இருந்த செட்டு, பூனை படுக்கிற கீபோர்டு என்று நிறையப் பார்த்தேன். பெட்டியை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். குழுவில் கேட்ட அந்தப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். ரிமோட்டில் பார், தப்பில்லை. அப்புறம் ஒரு நடை போய்விட்டு வா.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் கடைப் போன் அடித்தது. எடுத்தேன்.

"பழனி அண்ணனா? நான் அஞ்சல பேசுறேன்."

"சொல்லும்மா. எங்கேருந்து பேசுற, இந்திராணி வூட்டுலேருந்தா?"

"இல்லண்ணே, என் வூட்டுலேருந்து." அந்த இரண்டு வார்த்தையை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "புது மனையில கட்டி வந்துட்டேன். இன்னைக்குத்தான் போன் குடுத்தாங்க. மொத போனு அக்காவுக்குப் போட்டேன், ரெண்டாவது உங்களுக்கு."

 "அக்கா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"மணி அடிச்சதும் கம்ப்யூட்டரு எழுந்துகிச்சான்னு கேட்டேண்ணே. இல்லயாம். நல்லாத் தூங்குதாம். அக்காதான் எழுந்து ஓடியாந்துச்சாம்."